ஆறு கிளாஸ், ஒரு மூக்கு

நாலாவது தடவையாக அவள் அந்தக் கிளாஸைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. மேஜையில் இடித்தாள்.

"ஆஸ்பத்திரிதாங்க. எத்தனை தடவை கேட்டாலும் ஆஸ்பத்திரிதான். காயத்துக்குப் போடுற டிஞ்சர், புதுசாப் பிரிச்ச பஞ்சு. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அவசரப்படாத. அடியில கொஞ்சம் தேன் வாசனை வருதா பாரு."

"வரல."

"வரணுமே," என்றார் கணவர், நோட்டைப் புரட்டிக்கொண்டே. "பதினோரு வருஷமா இதுல தேன் உண்டு."

மோந்து பார்த்தவள் 'இல்லை' என்கிறாள். மோப்பமே தெரியாத மனுஷன் 'உண்டு' என்கிறார். இந்தக் கொடுமையை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

வெளியே புயல் ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காற்று வலுக்கிறது என்று மதியமே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் கொட்டுகிற மழையில் வாசல் வாசலாக இறக்கிவிட்டு, நனைந்த சாக்ஸோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. போர்வைக்குள் புகுந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது. கண்ணை மூடத்தான் மூடினாள், கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு. சாப்பாட்டு மேஜையில் ஆறு பாட்டில், ஆறு கிளாஸ், ஒவ்வொன்றின் காலிலும் ஒன்று முதல் ஆறு வரை எழுதி ஒட்டிய சீட்டு. அவளுக்கோ விஸ்கி வாடை ஆகாது. இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை.

அவர் வேலை பார்ப்பது வெளிநாட்டு மது விற்கும் பெரிய கடையில். எந்த சிங்கிள் மால்ட் விஸ்கி யாருக்குப் பிடிக்கும், எதை எப்போது திறக்கலாம் என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. கடையில் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'மூக்கர்' என்றால்தான் தெரியும். மூன்று மாதம் முன்பு ஐந்து நாள் காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, கரியாகிப் புகைய, இரண்டடி தள்ளி உட்கார்ந்து மனுஷன் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே, அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கடையில் இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. முதலாளி முன்னால் கிளாஸைத் தூக்குவார், கண்ணை மூடுவார், பழைய நோட்டில் உள்ளதை ஒப்பிப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் "தானா வந்துடும்" என்று ஒற்றைக்காலில் நிற்பார். கோபத்தில் கத்தியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அசைகிற ஆள் இல்லை.

நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான் கண்டம். கடற்கரை ஓட்டல் ஒன்று, குளிரும் புயலும் அடிக்கிற இந்த இரண்டு மாதமும் உள்ளே வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒரு சின்ன கிளாஸ் விஸ்கி கொடுக்கப்போகிறதாம். ஆறில் ஒன்றை மூக்கர் தேர்ந்தெடுத்து, ஏன் அதுதான் என்று ஓட்டல் நடத்துகிற அம்மாளுக்கு விளக்கவேண்டும். அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் இல்லையாம், துருவித் துருவிக் கேட்பாளாம். போதாக்குறைக்கு ஆறும் புதுச்சரக்கு. பேர் பழசு, வாசனை எப்படியோ. நோட்டு உதவாது என்று அவரே சொல்லித்தான் அவளை உட்கார வைத்தார். உட்கார வைத்துவிட்டு, அதே நோட்டை வைத்துக்கொண்டு அவளோடு மல்லுக்கு நிற்கிறார்.

"சரி, ரெண்டாம் நம்பர்," என்றார். முதலில் தானே எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பழக்கதோஷம். ஒன்றும் வராமல், முகம் கோணாமல், அவளிடம் நீட்டினார்.

"பழம். ரொம்பப் பழுத்து, பிள்ளைங்க புத்தகப் பையில மறந்துட்டுப் போற பழம்."

"ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்ல வச்சது. உலர்ந்த திராட்சைன்னு சொல்லு."

"நீங்களே சொல்லிக்கோங்க. நான் எதுக்கு?"

மூன்றாவதை எடுத்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். தோள் தானாகத் தளர்ந்தது.

"இது நல்லா இருக்குங்க. கடைசிப் பிள்ளையையும் இறக்கிட்டு வண்டியை நிறுத்துவேன்ல, எஞ்சின் மூடி சூடா இருக்கும். அது மேல ஈர ஸ்வெட்டரைப் போட்டா ஒரு வாசனை வரும் பாருங்க. கொஞ்சம் புகை, கொஞ்சம் கம்பளி. இனிமே எங்கயும் போக வேண்டாம்ங்கற மாதிரி இருக்கு."

நோட்டில் பேனா ஓடவில்லை. "ஈர ஸ்வெட்டர்," என்றார் அவர். "ஓட்டல்காரங்ககிட்ட போய் ஈர ஸ்வெட்டர்னு சொல்லவா? இதுல கம்பளியெல்லாம் வராது. ஆரஞ்சுத் தோல் வரணும். சரியா மோந்து பாரு."

அவ்வளவுதான். எழுந்தாள். தூசி விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன் என்று நான்காம் நம்பர் கிளாஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே இருந்ததைத் தொட்டியில் கொட்டினாள். அடுப்பு மேடையில் அவள் குடிக்க மறந்த பால் விடாத டீ ஆறிக் கிடந்தது. நிறம் அச்சு அசல் அதே நிறம். ஊற்றினாள். மோந்து பார்த்துவிட்டு ஏதாவது உளறட்டும், 'டீக்கும் விஸ்கிக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு என்னோட என்ன வாக்குவாதம்' என்று ஒரே போடாகப் போட்டு வாயை அடைத்துவிடலாம். அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம்.

கிளாஸை அவர் முன் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் எடுத்தார். முகர்ந்தார். அவளிடம் நீட்டவில்லை. மறுபடி முகர்ந்தார், இம்முறை கண்ணை மூடிக்கொண்டு.

"இரு," என்றார், மெதுவாக. "பேசாத."

"என்னங்க?"

"புகை வருது." குரல் நடுங்கியது. "லேசா இருக்கு. ஆனா வருது. கரி அடுப்பு அணைஞ்சதும் வர்ற புகை. பின்னாடி உப்பு... கடல். ஐயோ, வருதும்மா. எனக்கு வருது."

அவள் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷன். மூன்று மாதமாக அவர் இப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"நான்தான் சொன்னேனே, தானா வரும்னு. நீதான் டாக்டர் டாக்டர்னு உயிரை எடுத்த." கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனார். "ஒரு வாய் குடிச்சே ஆகணும் இன்னைக்கு."

நாக்கு கெட்டுப்போகவில்லையே. வாயில் பட்டால் கசப்பும் தெரியும், எரியவில்லை என்பதும் தெரியும். அவள் எட்டி அந்தக் கிளாஸைப் பிடுங்கினாள். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் மடமடவென்று முழுக்கக் குடித்துவிட்டாள்.

அவர் அவளையே பார்த்தார். வாசனை திரும்பியதைவிட இது பெரிய அதிசயமாகப் பட்டிருக்கவேண்டும்.

"நீயா குடிச்ச?"

"சந்தோஷத்துலதாங்க," என்றாள். தொண்டையில் டீ கசந்தது.

"எப்படி இருக்கு?"

"நீங்க சொன்ன மாதிரியே இருக்கு."

காலி கிளாஸை மேஜையில் வைத்தாள். முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாயை அடைக்கப் போய் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாள். அவரோ அதற்குள் போனை எடுத்துவிட்டார். "முதலாளிக்கு இப்பவே சொல்லிடறேன், நாலாம் நம்பர்தான்னு. நாளைக்கு அந்த அம்மா என்ன வேணா கேக்கட்டும். நானே மோந்து காட்டறேன்."

எண்ணை அழுத்தினார். மணி போகிற சத்தம் அவளுக்கும் கேட்டது. நாளைக்குப் பதினோரு மணிக்கு, பத்துப் பேர் பார்க்க, இந்த மனுஷன் கிளாஸைத் தூக்கி மூக்கில் வைப்பார். இல்லாத புகையையும் இல்லாத கடலையும் சொல்வார்.

"அது டீங்க."

"என்னது?"

"நீங்க மோந்தது டீ. விஸ்கியைக் கொட்டிட்டு நான்தான் டீ ஊத்தி வச்சேன். என்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே இருந்தீங்களேன்னு, உங்க வாயை அடைக்கணும்னு வச்சேன். நீங்க இப்படி அழுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் காலி கிளாஸை எடுத்தார். மூக்கில் வைத்து இழுத்தார். திரும்பவும் இழுத்தார், பலமாக. ஒன்றும் வராமல் அதைத் தள்ளி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பாள்.

"அப்ப எனக்கு வந்தது என்ன வாசனை?" என்று கேட்டார்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போனுக்குள்ளிருந்து முதலாளி குரல் சன்னமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஹலோ. மூக்கரே, லைன்ல இருக்கீங்களா?"

அவர் போனைக் காதில் வைத்தார்.

"இருக்கேன் முதலாளி. மூணாம் நம்பரைக் குடுத்துடுங்க. புயலுக்கு அதுதான் சரி." தொண்டையைச் செருமினார். "நான் மோந்து சொல்லல. என் வீட்டம்மா மோந்தா. எனக்கு வாசனை தெரியறது இல்ல முதலாளி. மூணு மாசமாச்சு."

அந்தப் பக்கம் முதலாளி நீளமாக ஏதோ பேசினார். காற்றின் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார். அவள் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இல்ல முதலாளி," என்றார் கடைசியாக. "இன்னும் டாக்டர்கிட்ட போகல. பயமா இருந்துச்சு."