கை நனைக்காமல் எழுவதற்கு

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமி தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது என் மூக்கில் குழாய் இருந்தது. பக்கவாதம் வந்து ஆறு வாரம். கையும் காலும் தேறிவிட்டன. தொண்டைதான் விழுங்க மறந்துவிட்டது. என் தங்கை வள்ளியம்மா அந்தக் குழாய் வழியாகப் பாலும் கஞ்சித் தண்ணியும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சும்மா வந்து ஒக்காந்தா போதும் இருசப்பா. நீ சாப்பிடலன்னு யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க லா,” என்று தோளைத் தட்டினான். தட்டின இடம் இரண்டு நாள் எரிந்தது.

ஒன்பது வருடம் முன்பு, எழுபத்தேழில், இவனைப் பார்த்து நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. தோட்டத்துக் கிராணிக்கு அது பெரிய அவமானம். அடுத்த மாதம் வள்ளியம்மாவின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தான். பந்தியில் உட்கார்ந்தான். சோறு, சாம்பார், பாயசம் எல்லாம் விழும்வரை காத்திருந்துவிட்டு, “இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்,” என்று எழுந்து போனான். கிராணியே கை நனைக்காத வீட்டில் பெண்ணிடம் என்ன குறையோ என்று மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்தார்கள். அதற்குப் பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

அதே மாதிரி, அவன் மகள் பந்தியில், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க நான் எழ வேண்டும். ஆனால் விழுங்க முடியாதவன் இலையை விட்டு எழுந்தால் யாருக்கு உறைக்கும்? ஐயோ பாவம் என்பார்கள். கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஜெய்புன்னிசா என்ற நர்ஸ் மிஸ்ஸி எனக்கு இரண்டு சாமான் கொடுத்தாள். ஒன்று, உள்ளே சுருள்கம்பி வைத்த பிளாஸ்டிக் ஊதுகுழல். கம்பி விட்டுக்கொடுக்கும்வரை ஊத வேண்டும். திருகை இறுக்க இறுக்க மூச்சு முட்டும். மற்றது ரப்பர் பந்து. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே வைத்துத் தலையைக் குனிந்து நசுக்க வேண்டும். இரண்டும் தொண்டைச் சதைக்கு வலு கொடுக்குமாம். நாளைக்கு முப்பது தடவை என்றாள். நான் நூறு செய்தேன். பந்தை நசுக்கும்போதெல்லாம் அதை நாராயணசாமியின் கழுத்து என்று நினைத்துக்கொண்டேன். சுகமாக இருந்தது.

“இவ்ளோ வெறியா செய்யிறவர நான் பாத்ததே இல்லண்ணே. எதுக்கு இந்த அவசரம்?” என்று கேட்டாள் மிஸ்ஸி.

“ஒரு கல்யாணச் சாப்பாடு இருக்கு.”

நல்ல பெண். சந்தோஷப்பட்டாள்.

“எனக்காகன்னு மட்டும் சொல்லாத. நான் அதெல்லாம் மறந்தாச்சு,” என்றாள் வள்ளியம்மா. ஆனால் வாராவாரம் ஊதுகுழலின் திருகை ஒரு சுற்று கூட்டியது அவள்தான்.

மூன்றாம் மாதம் குழாயை எடுத்தார்கள். நான்காம் மாதம் மதார் சாகிபு கடையில் எங்கள் லயத்து ஆட்கள் பார்க்க இரண்டு தோசை தின்றேன்.

கல்யாணம் ராசா என்கிற ஊரில், பெண் வீட்டார் செலவில். தோட்டத்து லோரியில் போனோம். பந்தியில் எனக்கு எதிரே மாப்பிள்ளையின் அப்பா. பெண்கள் வரிசையில் வள்ளியம்மா. எல்லாம் விழும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்தேன்.

“இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்.”

பரிமாறியவர்கள் நின்றுவிட்டார்கள். நாராயணசாமி ஓடி வந்தான். என்னைப் பார்க்கவில்லை, நேரே சம்பந்தியிடம் குனிந்தான். “வாதம் வந்த மனுஷன் சம்பந்தி. தொண்டையில ஒண்ணும் எறங்காது. வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிப் பேசுறாரு.”

சம்பந்தி என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நான்கு மாத உழைப்பும் அந்த ஒரு உச்சுக்கொட்டலில் போனது. தின்று காட்டலாமென்றால் அவன் சோற்றில் கை நனைத்ததாகிவிடும். அவனை அங்கேயே கொன்றுவிடலாம் போல இருந்தது.

அப்போது வள்ளியம்மா எழுந்தாள். அவள் இலையிலும் எதையும் தொட்டிருக்கவில்லை. வழியில் தாகத்துக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைப் பையிலிருந்து எடுத்து, என் முன்னால் வந்து நீட்டினாள்.

“குடிண்ணே.”

சோறு உருண்டையாக இறங்கிவிடும். வெறும் தண்ணீர்தான் வழி தவறி மூச்சுக்குழலுக்குள் ஓடும். இன்னும் ஒரு மாதம் தொடவே கூடாது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். வள்ளியம்மாவுக்கும் அது தெரியும். நான் வாங்கினேன். மோவாயை நெஞ்சோடு அழுத்தி ஒரு மிடறு, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது கொஞ்சம் தவறான வழியில் போனது. நெஞ்சு தீயாய் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போத்தலை மூடினேன்.

“நல்லாத்தானே குடிக்கிறாரு,” என்றார் சம்பந்தி. “அப்புறம் ஏன் ஒங்க வீட்டுல கை நனைக்க மாட்டேங்கிறாரு?”

“கிராணியையே கேளுங்க,” என்றாள் வள்ளியம்மா.

நாராயணசாமி பரிமாறுகிறவர்களைப் பார்த்து, ஆகட்டும் என்று கையை ஆட்டினான். சம்பந்தி தன் இலையிலிருந்து கையை எடுத்தார். அதை நான் கண்ணாரப் பார்த்தேன்.

நிதானமாக நடந்தோம், வாசல்வரை. லோரிக்குப் பின்னால் போனதும் மண்டியிட்டு இருமினேன். உயிர் போகிற இருமல். வள்ளியம்மா முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள்.

“உள்ள கேட்டிருக்குமா?” என்றேன், மூச்சு வந்ததும்.

“மேளம் அடிக்கிறாங்க, கேக்காது. இப்ப நல்லா இருமு,” என்றாள்.