வாலாம்பாள் கேட்ட கன்னடம்

வருஷக்கணக்காக மைசூரில் குடியிருந்தும் என் மனைவி வாலாம்பாள் கன்னடம் பேசுவது காய்கறிக்காரியோடு மட்டும்தான். அந்த அரைகுறைக் கன்னடத்தை நம்பி அவள் பிள்ளையாரிடம் போனாள் பாருங்கள், அதுதான் என் தலையெழுத்து.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, ஊருக்கு வெளியே அப்போதுதான் புதிதாக வந்துகொண்டிருந்த விஜயநகர்ப் பகுதியில் வீடு கட்டிக் குடிபோன வருஷமே எனக்குப் பக்கவாதம் வந்தது. கால் கொஞ்சம் தேறியது. வலது கையும் பேச்சும் போயே போய்விட்டன. எழுதிக் காட்டலாமே என்பீர்கள். இடது கையால் நான் எழுதியது எனக்கே புரியவில்லை. பேச்சு வரும், தினமும் 'அ, ஆ' சொல்லிப் பழகுங்கள், எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார் டாக்டர். நானா பழகுவேன்? எரிச்சலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாலாம்பாள் என்னைத் தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய் அர்ச்சகரிடம் அழுதாள். அவர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். "காய்பேக்கம்மா, காய்பேக்கு" என்றார். காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். என் புத்திசாலி மனைவியின் காதில் அது காய் வேண்டும் என்று விழுந்தது.

"கேட்டேளா? பிள்ளையார் தேங்காய் கேக்கறார். நாளைலேர்ந்து தினம் ஒண்ணு" என்றாள்.

இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஆமாம், நீங்களும்தான் வரணும்" என்றாள்.

அன்று பிடித்தது சனி. மழையானாலும் குளிரானாலும் காலையில் குளித்துவிட்டுத் தேங்காயோடு அவள் முன்னால் போவாள், காலை இழுத்துக்கொண்டு நான் பின்னால். உடைத்த மூடிகள் வீட்டுக்கு வந்து துவையலாகும், சாதமாகும், போளியாகும். போதுமடி என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

"குடுக்கற நேரத்துல அவன் குடுப்பான். நாம செய்ய வேண்டியதைச் செஞ்சுண்டு போவோம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அர்ச்சகர் தேங்காய் கேட்கவே இல்லையடி என்று கத்த வேண்டும்போல இருக்கும். இதைக்கூடச் சொல்லாமல் ஊமையாகவே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "கா... கா..." என்று முக்கினேன். காக்கை கத்துவது போலத்தான் வந்தது. விடவில்லை, தினமும் முக்கினேன்.

தசரா நெருங்கிய சமயம், கோவில் வாசலில் செருப்பை விடும்போது வந்துவிட்டது.

"காய்... இல்லேடி. காத்... காத்திருக்கணும். அதான்... அர்த்தம். மண்டு!"

பூக்காரி திரும்பிப் பார்த்தாள். வாலாம்பாள் தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எ... என்ன?"

"அடுத்த மாசமே அர்ச்சகர் விளக்கிச் சொல்லிட்டார், காயெல்லாம் வேண்டாம்மான்னு. உங்ககிட்டதான் சொல்லலை."

"ஏன்?"

"டாக்டர் சொல்லியும் வாயைத் தெறக்காத மனுஷர், என் கன்னடத்தைத் திருத்தணும்னு குளிக்கற ரூம்ல கத்திண்டிருந்தேளே. கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுண்டுதான் நின்னேன். அதை எப்படிக் கெடுப்பேன்? பேச்சைக் குடுக்கறது அவன் பாடு. உங்களை வாயைத் தெறக்க வைக்கறது என் பாடு."

இத்தனை மாதங்களாக அவளைத் திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்குக் கணக்கில்லை. ஒன்றையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.