பதினெட்டு மணி நேரச் சாறு

இருபத்து மூன்று இரவுகளாக அவள் தன் வீட்டில், தன் பாயில், காலை நீட்டித் தூங்கினாள். கெண்டைக்கால் வீக்கம் வற்றிவிட்டது. அத்தானுக்கு இது தெரியாது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

அத்தான் அக்காவின் கணவர். உணவகத்தின் முதலாளியும் அவர்தான். 'பதினெட்டு மணி நேரம் கொதித்த எலும்புச் சாறு' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார். அந்தச் சாற்றில் நூடுல்ஸ் போட்டு, வெங்காயத்தாள் தூவிக் கொடுப்பார்கள். ஆறு வருடங்களாகப் பானையை ஏற்றுவதும் விடிய விடிய நுரை எடுப்பதும் அவள் வேலை. தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். அதனால் கண்ணயரவும் முடியாது. அத்தான் பத்து மணிக்கு வீட்டுக்குப் போனால் காலை எட்டுக்குத்தான் வருவார்.

அன்று மதியம் அவர் ஒரு மடக்குக் கட்டிலோடு அடுப்படிக்குள் நுழைந்தார்.

"நாளையிலேருந்து ரெண்டு பானை. பகல்ல வீட்டுக்குப் போய்ட்டு வர்ற வேலையெல்லாம் வேண்டாம். இங்கயே படுத்துக்க."

"ரெண்டுக்கும் நான் ஒருத்தியா?"

"உன் கை யாருக்கு வரும்?"

"கை இருக்கட்டும். நிக்கிறது கால், அத்தான்."

"அவளைக் கொஞ்சம் விடுங்களேன்" என்றாள் கல்லாவிலிருந்த அக்கா.

"நீ சில்லறையைப் பாரு. பக்கத்துல ஆள் முழிச்சிருந்தாத்தான் ருசி இறங்கும். எங்கப்பா சொன்னது."

"உங்கப்பா ஒரு நாளாவது முழிச்சிருந்தாரா?" என்றாள் அக்கா.

அத்தானுக்கு அது காதில் விழவில்லை. வெளியே, தினமும் வரும் தையல்காரர் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, கொஞ்ச நாளா சாறு கண்ணாடி மாதிரி இருக்கே! கிண்ணத்து அடியில பூப் போட்டிருக்குன்னு இப்பத்தான்யா எனக்குத் தெரியும்."

"பதினெட்டு மணி நேரம்னா சும்மாவா?" அத்தானுக்குத் தலை கால் புரியவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதையும் திருடவில்லை. எலும்பில் ஒரு துண்டுகூடக் குறைக்கவில்லை; சுட்ட வெங்காயம், இஞ்சி, பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் அதே அளவுதான். இன்று பேசாமல் இருந்தால் அந்தக் கட்டில்தான் அவளுக்கு வீடு.

கட்டிலை இழுத்து வந்து, பலகைக்குக் கீழே நிறுத்தினாள்.

"அத்தான், சாறு முன்னாடி நல்லா இருந்துச்சா, இப்பவா?"

"இப்பத்தான். இதுல என்ன சந்தேகம்?"

"இன்னொரு தடவை சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"இப்பத்தான்னேன்!"

"அப்ப பலகையைக் கழட்டுங்க. இருபத்து மூணு நாளா சாயங்காலம் நீங்க மூடியைத் திறந்து மோந்து பார்த்தது வெறும் வெங்காயத் தோல் கொதிச்ச தண்ணி."

தையல்காரரின் கரண்டி பாதியில் நின்றது.

"என்னடி சொல்ற? அப்ப சாறு?" என்றார் அத்தான்.

"விடியக்காலையில வந்து வைக்கிறேன். தளதளன்னு கொதிக்காம, கலங்காம, ரெண்டரை மணி நேரம். குக்கர்ல."