படாத அடி

முதல் அடி முழங்காலில் விழுந்தது.

சங்கிலிமுத்து முற்றத்தில் குந்தியிருந்து கச்சான் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலிப் படலையடியில் ஒரு வான் வந்து நின்றதையும் நாலைந்து பெடியள் குதித்ததையும் கண்டு, கச்சான் வாங்கத்தான் வருகிறார்களாக்கும் என்று எழும்பினார். நிமிர்ந்து நிற்கக்கூட விடவில்லை. மண்வெட்டிப் பிடி அவருடைய முழங்காலைத் தேடி வந்துவிட்டது.

"இவன்தான்! மூஞ்சையைப் பாருங்கோடா, இவனேதான்!"

அடித்தவன் பெயர் பிரசாந்தன். முள்ளியவளையில் இருந்து வந்திருந்தான். ஒரு கையில் மண்வெட்டிப் பிடி, மற்றக் கையில் போன். விழுந்து கிடந்தவரின் மூக்குக்கு முன்னால் போனை நீட்டினான். அதில் ஓடிய வீடியோவில், பச்சை உடுப்பும் தொப்பியும் போட்ட ஆமிக் கப்டன் ஒருவன், வெறும் மேலோடு குப்புறக் கிடந்த ஓர் இளந்தாரியைக் கம்பால் வெளுத்துக்கொண்டிருந்தான். காட்சி இடையிடையே மங்கியது. இளந்தாரியின் முகம் தெரியவில்லை, "அம்மா, அம்மா" என்ற கத்தல் மட்டும் கேட்டது. கப்டனின் முகமோ நன்றாகத் தெரிந்தது. அது இளவயதுச் சங்கிலிமுத்துவின் முகமேதான். கீழே ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்: 'இந்தக் கொலைகாரன் இப்போது துணுக்காயில் நிம்மதியாக வாழ்கிறான். பகிருங்கள்.' சனமும் பகிர்ந்து தள்ளியிருந்தது. ஆர் எவர் என்று ஒரு வார்த்தை விசாரிக்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

"என்ர அண்ணை எங்கயடா? சொல்லடா!"

"தம்பி, அது படம். நான் நடிச்ச..."

அடுத்த அடி தோள்மூட்டில் இறங்கியது. பிறகு கால்களும் கைகளும் சேர்ந்துகொண்டன. கச்சான் சிதறி அவருக்குக் கீழே நொறுங்கியது.

அடி வாங்குவது சங்கிலிமுத்துவுக்குப் புதிதல்ல. மற்ற நடிகர்கள் வாங்கிய மாலைகளைச் சுவரில் தொங்கவிடுவார்கள். இவர் வாங்கியதெல்லாம் தோலில்தான் இருந்தது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்து அடித்துத் துரத்த, தகப்பன் ரெங்கசாமியோடு வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறியவர் அவர். தோட்டத்துக் கடையில் சாமான் நிறுத்துக்கொடுத்த நாளில் பழகிய சிங்களம் நாக்கோடு கூட வந்தது. தொண்ணூறுகளில் ஊரூராகத் தெருநாடகம் போட்ட குழு ஒன்றுக்குச் சிங்களத்தில் ஏசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. இவர் ஒரு தரம் ஏசிக் காட்டினார். முன்னுக்கு இருந்த பெட்டைப் பிள்ளைகள் எழும்பி ஓடினார்கள். அன்றோடு ஆமிக் கப்டன் வேசம் அவருக்கே என்றாகிவிட்டது. ஒருமுறை ஆசைப்பட்டு, தகப்பன் வேசம் தாருங்கோ என்று கேட்டுப் பார்த்தார். "உங்களைக் கண்டா சனம் கல்லெடுக்கும். நீங்கள் தகப்பனோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சனம் கல்லோடு நின்றால் பரவாயில்லை. முள்ளியவளையில் ஒரு கோயில் வீதியில் நாடகம் நடந்தபோது, கப்டன் இளந்தாரியைத் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்து அடிக்கிற கட்டத்தில், சனத்துக்குள் இருந்து ஒருவர் கைத்தடியோடு பாய்ந்து இவருடைய நெற்றியைப் பிளந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் குழுவில் அந்த வழக்கம் வந்தது. நாடகம் முடிந்ததும் கப்டன் சனத்துக்கு முன்னால் வந்து தொப்பியைக் கழற்றவேண்டும். கழற்றி, "நான் சங்கிலிமுத்து, ரெங்கசாமியின்ர மகன், துணுக்காய்" என்று உரத்துச் சொல்லவேண்டும். சொன்னவுடன் சனம் மூச்சு விடும். அடிக்க வந்த பெண்களே கையைப் பிடித்து, "ஐயோ, எங்கட ஆள்!" என்று தேத்தண்ணி கொடுப்பார்கள். அந்தத் தேத்தண்ணிக்காகவே அவர் ஊரூராகப் போனார் என்றும் சொல்லலாம்.

பிறகு ஊருக்குள் கமரா வந்தது. படத்திலும் அவரே கப்டன். முடிவில் தொப்பி கழற்றிப் பெயர் சொல்ல ஒரு துண்டுக் காட்சி சேர்க்கச் சொல்லி மன்றாடிப் பார்த்தார். "அண்ணை, இது படம். படத்தில ஆரும் அப்பிடிச் செய்யிறேல்லை" என்று முடித்துவிட்டார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

யுத்தம் முடிந்து ஆமி விசாரணைக்குக் கொண்டுபோனபோது அந்தப் படம் அவருக்கு முன்பே அங்கே போயிருந்தது. விசாரித்தவன் படத்தை ஓடவிட்டு, கப்டன் அடிக்கிற இடத்தில் நிற்பாட்டி, "பிழை, இப்பிடி அடிக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு, எப்படி அடிக்கவேண்டும் என்று அவருடைய உடம்பிலேயே பாடம் எடுத்தான். இடது காது கேட்காமல் போனது அங்கேதான்.

இவ்வளவு வாங்கியும் அவரிடம் ஒரு பெருமை மட்டும் மிச்சம் இருந்தது. அவருடைய கம்பு ஒருநாளும் ஒருவர் மேலும் பட்டதில்லை. கிடக்கிறவனின் தோளுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, நிலத்தில் விழும். சத்தம் கேட்டதும் கிடக்கிறவன் உடம்பை முறுக்கிக் கத்துவான். நாடகத்திலும் படத்திலும் அப்படிக் கிடந்து கத்தியவன் தவராசா. அவன் மேல் ஒரு கீறல் இல்லை. அதை நினைத்தால்தான் சங்கிலிமுத்துவுக்கு இரவில் நித்திரை வரும்.

இப்போது அவருடைய மனைவி இலட்சுமி அடுப்பை விட்டுக் குசினிக்குள் இருந்து ஓடிவந்து அவர்மேல் விழுந்தாள். "அடிக்காதீங்க! அவரு நாடகக்காரருங்க! ஒரு கோழியக்கூட அடிக்காத மனுசருங்க!" பிரசாந்தன் அவளைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். அவள் விழுந்த இடத்தில் இருந்து எழும்பி, சந்தியைப் பார்த்து ஓடினாள். சந்தியில் தவராசா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான்.

அந்த நேரத்தில் வானுக்குள் இருந்து ஒரு பெண் இறங்கினாள். பிரசாந்தனின் தாய் ஜெகதீஸ்வரி. பெடியள் விலகி வழிவிட்டார்கள். அவள் அடிக்கவில்லை. சங்கிலிமுத்துவின் இரத்தம் வடிந்த முகத்துக்குப் பக்கத்தில் குந்தி, சீலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள்.

"இவன் சுமன். என்ர மூத்தவன். யுத்தம் முடியேக்க, விசாரிச்சிட்டு விடுறம் எண்டு ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவங்கள். நீ இவனை அடிச்சதுக்கு நான் ஒண்டும் சொல்ல வரேல்லை. அடிச்சாப் பிறகு எங்க கொண்டுபோய் வச்சிருக்கிறாய்? அதை மட்டும் சொல்லு."

சங்கிலிமுத்து போட்டோவைப் பார்த்தார். அடியெல்லாம் ஒரு பக்கம், இந்தக் கேள்வி ஒரு பக்கம். இதைத் தாங்க அவருக்கு ஏலவில்லை.

"தங்கச்சி, நான் ஆமி இல்லை. அடிக்கவுமில்லை. உங்கட பிள்ளையை நான் கண்டதேயில்லை."

"பொய்!" பிரசாந்தன் வயிற்றில் உதைத்தான். சங்கிலிமுத்து கச்சான்மேல் வாந்தி எடுத்தார். பிடி மறுபடி ஓங்கியது. இந்த முறை அது தலைக்குத்தான் குறி.

"அடே, நிப்பாட்டு! அடி வாங்கினது நான்ரா!"

தவராசா கிறீஸ் கையோடு ஓடிவந்து பிடியைப் பறித்தான். ஐம்பதைத் தாண்டிய வயதிலும் ஆள் வலுவான ஆள். பிரசாந்தனின் கன்னத்தில் ஓங்கி அறைந்து, போனைப் பிடுங்கி, எல்லோருக்கும் காட்டினான். குப்புறக் கிடந்த இளந்தாரியின் இடது தோளில் கறுப்பாக ஒரு மறு தெரிந்தது. தவராசா போட்டிருந்த சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினான். அதே இடத்தில் அதே மறு இருந்தது.

"இந்தப் படம் எடுக்கேக்க நீங்கள் ஒருத்தரும் பிறந்திருக்க மாட்டியள். நான் கத்தின கத்தலுக்குக் கிழவனைக் கொல்ல வந்திருக்கிறியள்! ஒரு சொல்லுக் கேக்கக்கூடாதோடா?"

பெடியள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மெல்ல வான் பக்கம் நழுவினான். பிரசாந்தனின் முகம் செத்துப்போயிற்று. "அம்மா," என்றான், "இது படம்தானாம். இது எடுக்கேக்க அண்ணை சின்னப்பிள்ளை. வாங்கோ, போவம்."

ஜெகதீஸ்வரி அசையவில்லை.

"மறு கிடக்கட்டும். அந்தக் குரல் என்ர பிள்ளையின்ர குரல். பெத்தவளுக்குத் தெரியாதோ? பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறன். ராப்பகலாக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன். அதையும் பறிக்கப் போறியளோ?" பிறகு சங்கிலிமுத்துவைப் பார்த்து விரலை நீட்டினாள். "இவன் இப்பதான் நடிக்கிறான். அப்ப உண்மையா அடிச்சவன்!"

இப்படி ஒரு பாராட்டு எந்த நடிகனுக்கும் கிடைக்கக்கூடாது. சங்கிலிமுத்து குமுறி அழுதார். அடி வாங்கும்போது அழாதவர் இப்போது அழுதார்.

"தவராசா, படு" என்றார்.

"அண்ணை, உங்களால ஏலாது."

"படு தம்பி. இந்த அம்மா பாக்கணும். என் கம்பு யார் மேலயும் பட்டதில்லைன்னு அவங்க கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் அவங்க மனசு ஆறும்." வலி மிஞ்சினால் அவருக்குத் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும்.

இலட்சுமி வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அவர் உதறினார். தவராசா முற்றத்தில் குப்புறப் படுத்தான். சங்கிலிமுத்து தன்னை அடித்த மண்வெட்டிப் பிடியையே ஊன்றி எழும்பினார். முழங்கால் வீங்கிப் பூசணிக்காய் அளவில் இருந்தது. நெற்றியின் பழைய தழும்பு வெடித்து இடது கண்ணை இரத்தம் மூடியிருந்தது. ஆனாலும் பிடியை ஓங்கியபோது முதுகு நிமிர்ந்துவிட்டது. தொண்டைக்குள் இருந்து அந்தச் சிங்கள ஏச்சு, ஒரு சொல் பிசகாமல், புதிதாகப் புறப்பட்டது. பெடியள் தங்களை அறியாமல் பின்னுக்குப் போனார்கள்.

பிடி இறங்கியது. தோளில் இருந்து ஒரு சாண் தள்ளி நிலம் அதிர்ந்தது. தவராசா முறுக்கித் துடித்து, "அம்மா!" என்று கத்தினான். போனில் கேட்ட அதே கத்தல்.

இன்னொரு அடி. "அம்மா! என்ர அம்மா!"

பிசகவில்லை, கை இன்னும் சொன்னபடி கேட்கிறது என்று சங்கிலிமுத்துவின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. இந்தப் பொல்லாத தொழிலில் அவருக்கு இருந்த ஒரே சந்தோசம் அதுதானே. மூன்றாவது தரம் முழுப் பலத்தையும் கொடுத்து ஓங்கினார்.

ஜெகதீஸ்வரி அவருடைய இடது பக்கத்தால் ஓடிவந்தாள். அந்தப் பக்கத்துக் காது கேட்காது. அந்தப் பக்கத்துக் கண்ணும் தெரியவில்லை. எல்லோரும் கத்தியது அவருக்குக் கேட்கும்போது பிடி பாதி தூரம் இறங்கிவிட்டது. தவராசாவை மூடிக்கொண்டு அவள் குப்புற விழுந்தாள். வெறும் நிலத்தில் விழவேண்டிய அடி அவளுடைய தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சங்கிலிமுத்துவின் கையில் இருந்து பிடி விழுந்தது. சீவியத்தில் முதல்தரம் அவருடைய அடி ஒருவர் மேல் பட்டிருந்தது.

அவள் கத்தவில்லை. முறிந்த கை ஒரு பக்கம் தொங்க, மற்றக் கையால் தவராசாவின் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமத்திக்கொண்டாள். அண்ணாந்து சங்கிலிமுத்துவைப் பார்த்தாள். இப்போது அவளிடம் கோபம் இல்லை. ஓர் ஆமி அதிகாரியிடம் கெஞ்சுகிற கெஞ்சல்தான் இருந்தது.

"போதும் சேர். விட்டிடுங்கோ சேர். சின்னப்பிள்ளை, ஒண்டும் தெரியாது. என்னை அடியுங்கோ."

"அம்மா, எழும்பணை, அம்மா!" என்று பிரசாந்தன் வாய்விட்டு அழுதுகொண்டு அவளைத் தூக்கப் பார்த்தான். அவள் தவராசாவை விடவில்லை.

சங்கிலிமுத்துவின் கை, தொப்பியைக் கழற்றத் தலைக்குப் போனது. நரைமயிரும் இரத்தமும்தான் விரல்களில் பட்டன. அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஊரூராகச் சொன்ன அதே உரத்த குரலில், "நான் சங்கிலிமுத்து" என்றார். "ரெங்கசாமியின்ர மகன். துணுக்காய்."

"ஓம் சேர்" என்றாள் ஜெகதீஸ்வரி. "நீங்கள் சொல்லுறதெல்லாம் சரி சேர். பிள்ளையை மட்டும் தாங்கோ."

அவர் இன்னொரு தரம் பெயரைச் சொன்னார்.