விசிட்டர் அட்டை

செம்மலும் அவன் மனைவி கார்குழலியும் சேதராப்பட்டில் மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார்கள். அங்கேதான் பழகி, கல்யாணமும் செய்துகொண்டார்கள். போன மாதம் ஆட்குறைப்பு வந்தபோது இருவரில் செம்மலை மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனவர்களுக்கு வேறு வேலை தேடப் பயிற்சி தருவதாகக் கம்பெனி கூப்பிட்டது. கார்குழலி வற்புறுத்தியதால் போனான். வாசலில் செக்யூரிட்டி, "தப்பா நெனச்சிக்காதண்ணே," என்று தயங்கியபடி விசிட்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

மதியம் கேன்டீனில் கார்குழலி இருவருக்கும் சோறு எடுத்துவைத்துக் காத்திருந்தாள். செம்மலோ பயிற்சிக்கு வந்தவர்களோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"இங்க வாங்க, கொழம்பு ஆறுது."

"வேணாம் குழலி. சூப்பர்வைசர் பாத்தா உன்னத்தான் ஏதாவது சொல்லுவாரு. நீயாவது இங்க இருக்கணும்."

அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

சங்கு ஊதியதும் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். பழக்கத்தில் செம்மலும் எழுந்து அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டான். நினைவு வந்ததும் அப்படியே நின்றான். கார்குழலி திரும்பிப் பார்த்தாள்.

"போ, லேட்டாவுது," என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் மெஷினுக்குப் போனாள்.