பந்த் நாள் தலைவலி

மூன்றாவது பந்த்துக்கும் செல்லதுரைக்கு மண்டை பிளந்தது. மற்ற நாளெல்லாம் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடுகிற ஆள், துண்டால் நெற்றியை இறுக்கிக் கட்டிச் சுவரோரம் சுருண்டு கிடந்தான்.

வாசலில் சுமைகாரர் சங்கத்து ராசப்பன் நின்று கத்தினார்.

"நம்ம கூலிக்குப் பந்த் வச்சா மட்டும் உனக்குத் தலை வலிக்குமோ? முதலாளியோட ஆளுன்னு பேசறாங்கடா. பத்து மணி ஊர்வலத்துல உன்னைக் காணலேன்னா சங்கக் கார்டைத் திருப்பித் தந்துடணும். கேட்டோ?"

கார்டு போனால் பஜாரில் ஒரு மூட்டையைத் தொட முடியாது. அவர் போனதும் அவன் மனைவி மாயம்மாள் பக்கத்து வீட்டு மாடத்தியைக் கூட்டி வந்து காட்டினாள்.

"மிளகுத் தூசி ஏறி நீர் கோத்திருக்கும்டி," என்றாள் மாடத்தி.

"மூக்கு ஒழுகலையேக்கா."

"அப்போ சுமைதான். பிடரி இழுத்துப் பிடிச்சிருக்கும்."

"சுமை தூக்காத அன்னிக்கா?"

"ஒத்தைத் தலைவலியோ?"

"மண்டை பூரா வலிக்குதாம். குமட்டலும் இல்லை."

"அப்போ உன் புருஷன் நடிக்கிறான்."

மாயம்மாளுக்குச் சுரீரென்றது. நடிப்பா? பந்த் இல்லாத ஒரு நாளும் இதே மாதிரி துடித்தானே! என்றைக்கு? பஜாரில் சாயாக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் காக்காவின் மகளுக்கு நிக்காஹ். அன்று கடை பூட்டு. பந்த் என்றாலும் கடை பூட்டு!

"ஏய்யா, ஒரு நாளைக்கு எத்தனை சாயா குடிப்பே?"

"எண்ணியா குடிக்கிறேன்? பத்து, பன்னெண்டு இருக்கும்."

"இன்னிக்கு?"

"கடை எங்கே திறந்திருக்கு?"

வீட்டில் காலையில் கஞ்சிதான். தேயிலை வாங்குகிற வழக்கமே இல்லை. மணி ஒன்பது. சேலையைச் செருகிக்கொண்டு ஓடிக் காக்காவின் பின்கதவை இடித்தாள்.

"காக்கா, ஒரு பிடி சாயாப்பொடி!"

"இன்னு பந்த் அல்லே மோளே. கச்சவடம் இல்லா."

"வியாபாரம் பண்ண வேண்டாம். சும்மா கொடுங்க!"

காக்கா சிரித்துவிட்டார். காகிதப் பொட்டலம் ஜன்னல் வழியே வந்தது.

கடுங்காப்பி நிறத்தில், பால் விடாத கட்டன் சாயா. செல்லதுரை ஒரு டம்ளர் குடித்தான், சூடு ஆறுமுன் இன்னொன்று.

"சாயாவுல தலைவலி போனா ஆஸ்பத்திரி எதுக்குடி?" என்று மாடத்தி இளித்தாள்.  மாயம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாகப் பத்து நிமிஷம். செல்லதுரை துண்டை அவிழ்த்தான். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"விடுது புள்ளே... நிசமாவே விடுது!"

"அப்புறம் என்ன உட்கார்ந்திருக்கே? ஓடுய்யா!"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் ஓட, அவளும் பின்னாலேயே ஓடினாள். பஜார் முக்கில் ஊர்வலம் கிளம்பிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் முட்டி மோதி நுழைந்தவனை ராசப்பன் மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தா, தலை?"

"இருக்குண்ணே!" என்று கத்திவிட்டு, கோஷத்தை அவனே எடுத்துக் கொடுத்தான். மூடிய கிடங்குக் கதவுகள் அதிர்ந்தன. தெருவோரம் நின்ற மாயம்மாளும், மூச்சிரைக்க, கையை உயர்த்திக் கத்தினாள்.