பதினாலாம் நம்பர் நாற்காலி

மிளகுக் கம்பெனியின் கொல்லிமலை ஆபீசில் ஆள் மூன்று, போன் நாலு, கம்ப்யூட்டர் ஒன்று, கூரை ஓட்டில் பொத்தல் முப்பதுக்கு மேல். பதினொன்றிலிருந்து பதினாலு வரை நம்பர் போட்ட அந்த நாலில் பதிமூன்றாம் நம்பர் போனின் வயரை எலி தின்றுவிட்டதால் உருப்படியாகப் பேசுகிற போன் மூன்றுதான். பொத்தல்களுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

ஓடு மாற்றச் சொல்லி, கணக்கெழுதும் ராதிகா நாலு கடுதாசி தட்டி அனுப்பிப் பார்த்தாள். முதலாளி வெங்கிடுசாமி இருப்பது மலைக்குக் கீழே, காரவள்ளியில். மனுஷன் மேலே ஏறி வருவது தை, மாசியில் மிளகு பறிப்பின்போது மட்டும். அப்போது வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். "கூரை நல்லாத்தான இருக்குது, வெளிச்சமாவும் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் இறங்கிப் போய்விடுவார்.

ஆனால் மலையில் எவ்வளவு மழை பெய்தது என்று அவருக்குத் தினமும் தெரிந்தாக வேண்டும். காலையில் வரும் முதல் போன் அவருடையதுதான். "எத்தன மில்லி?" அவ்வளவுதான் கேள்வி. எடைபோடும் சென்றாயன் மழைமானியைப் பார்த்து நீல நோட்டில் எழுதி வைத்திருப்பார்: எத்தனை மில்லி, எத்தனை மணிக்குப் பிடித்தது, எப்போது விட்டது. முதலாளி பஞ்சாங்கத்தை நம்பமாட்டார், சொந்த மச்சானை நம்பமாட்டார், அந்த நோட்டை நம்புவார்.

இரண்டாயிரத்து ஒன்று புரட்டாசியில்தான் அந்தச் சனியன் பிடித்த சிடி வந்து சேர்ந்தது. எந்தப் போனிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கிற சாஃப்ட்வேராம். மேனேஜர் அருள்பிரகாஷ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆறு மாசக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிற மனுஷன். தாசில்தார் வீட்டு மாப்பிள்ளைகூட அத்தனை மிடுக்காக உட்காரமாட்டான். "சைட் செட்டிங்ஸ் சரியாப் போட்டாத்தான் மத்ததெல்லாம். யாரும் கிட்ட வரப்படாது" என்றார்.

யாரும் போகவில்லை. அவர் ஒருவிரலால் தட்டினார். ஆபீசின் பேர், எஸ்டிடி கோடு, வேலை நேரம், லீவு நாள். கடைசியாக எந்தப் போன் யாருடையது என்கிற பட்டியல்: பதினொன்று அருள்பிரகாஷ், பன்னிரண்டு சென்றாயன், பதினாலு ராதிகா. பாஸ்வேர்டையும் போட்டுப் பூட்டினார். என்ன பிரயோசனம், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தட்டினார். எடை மேடையில் இருந்த சென்றாயனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அவர் அதையெல்லாம் போட்டது நல்ல வெயிலில். அங்கேதான் கோளாறு.

மழை பிடித்தால் அந்த ஆபீசில் யாரும் அவரவர் இடத்தில் இருக்கமாட்டார்கள். இருந்தால் நனைய வேண்டியதுதான். அறையிலேயே சொட்டாத மூலை ஒன்றுதான், மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ராதிகாவின் மூலை. மேனேஜர் ஃபைலையும் டீ கிளாசையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். ராதிகா அறை நடுவே இருக்கும் கம்ப்யூட்டர் மேல் உரச்சாக்கைப் போர்த்திவிட்டு எடை மேடை ஸ்டூலுக்கு வருவாள். சென்றாயன் வாசற்படியில் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு குந்துவார். வருஷக்கணக்காக இதுதான் நடைமுறை, யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நாற்காலி மாறும், ஆள் மாறும். போன் மட்டும் சுவரில் அடித்த இடத்திலேயே இருக்கும்.

ஐப்பசி மாசப் போன் கணக்கை ஃப்ளாப்பியில் போட்டு பஸ்ஸில் காரவள்ளிக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் அதே பஸ்ஸில் முதலாளியின் கடிதம் ராதிகா பேருக்கு வந்தது. பதினாலாம் நம்பரிலிருந்து மெட்ராசில் ஒரே நம்பருக்கு முப்பத்தேழு தடவை பேசியிருக்கிறதாம். புதன்கிழமை நேரில் வருகிறாராம். சரியான பதில் இல்லையென்றால் வேலை பார்த்தது போதுமாம்.

ராதிகா கடிதத்தை மறுபடியும் படித்தாள். மூன்று வருஷம் தற்காலிகமாக இருந்து, தையில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. திருப்புலி நாட்டு மலை ஊர்களில், அவர்கள் வகையறாவிலேயே, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள். அது போனால்கூட வேறு பார்த்துக்கொள்ளலாம். கல்யாணமாகாத பெண் மெட்ராசுக்கு முப்பத்தேழு தடவை பேசினாள் என்று மலை பூராவும் பரவினால்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மேனேஜர் கடிதத்தைப் படித்தார். "ச்சொச்சொச்சோ" என்றார். "பாத்து நடந்துக்கோணும் ராதிகா" என்று புத்தியும் சொன்னார். காது மட்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் ராதிகா அந்த நம்பரைப் போட்டாள். எடுத்தது ஒரு பெண். தேனொழுகுகிற குரல். "வணக்கம், நம்ம டிவியோட உச்சிவேளைப் பாட்டு நிகழ்ச்சி! எங்கருந்து பேசறீங்க?"

"கொல்லிமலைங்க."

"அட, அருள் சார் ஊரா? மழை வந்தா கரெக்டா அவரு லைன்ல வந்துடுவாரே! எப்பவும் ஆபீஸ் நண்பர்கள் ராதிகா, சென்றாயனுக்குன்னுதான் பாட்டு கேப்பாரு. நீங்க யாருக்குக் கேக்கறீங்க?"

ராதிகா போனை வைத்துவிட்டாள். அடப்பாவி மனுஷா! அந்த சேனல் மலையில் ஒரு வீட்டிலும் தெரியாது. தெரியாத டிவியில் அவள் பேரை முப்பத்தேழு தடவை ஏலம் போட்டு, அந்தப் பழியையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார். சிரிப்பதா, மண்வெட்டியை எடுப்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாஸ்வேர்டு தெரியும். பதினாலுக்கு நேரே தன் பேரை அடித்துவிட்டு 'அருள்பிரகாஷ்' என்று தட்டினாள். ஒரு நொடியில் முப்பத்தேழும் அவர் தலைக்குப் போயிற்று. கூடவே அவள் வெயில் நாளில் காரவள்ளி குடோனுக்குப் பேசியதெல்லாமும் போயிற்று. ஒரு பொய்க்குப் பதிலாக இன்னொரு பொய். நாற்காலி ஒருத்தருடையதாக இருந்தால்தானே ஒரு பேர் எழுதுவது? பழையபடி தன் பேரையே போட்டு மூடிவிட்டு, "அண்ணா, அந்த நீல நோட்டக் குடுங்க" என்றாள்.

சென்றாயன் கொடுத்தார். இரண்டு பேரும் மெட்ராஸ் போனின் தேதி, மணியை எல்லாம் நோட்டோடு வைத்துப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க சென்றாயன் வாய் பிளந்துகொண்டே போயிற்று.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. முதலாளி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"சொல்லு அம்மிணி, யாரு அந்த மெட்ராசுக்காரன்?"

"முப்பத்தேழும் என்னுதில்லீங்க. அப்பறம் போன வாரம் ஒண்ணு பேசுனன், அது என்னுதுங்க. அது யாரு நம்பருன்னு பாக்கறதுக்குப் பேசுனதுங்க."

"பேரு உன்றதுதான போட்டிருக்குது?"

"அது வெயிலுக்குப் போட்ட பேருங்க. மழைக்கு நான் அந்த மூலையில ஒக்காரவே மாட்டனுங்க."

மேனேஜர் முந்திக்கொண்டார். "ஏனுங்க, மழைக்கும் போனுக்கும் என்னங்க சம்பந்தம்? இங்க யாரும் எடம் மாறறதே கெடையாதுங்க. செட்டிங்ஸு நானே போட்டதுங்க, தப்பா இருக்காது."

வாசலில் நின்ற சென்றாயன் மேற்கே பார்த்தார். மலை முகட்டில் கருமேகம் கட்டிக்கொண்டிருந்தது. ராதிகாவிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிற சாக்கில் குனிந்து, "கண்ணு, பேச்ச இழு. இப்ப எறங்கீரும்" என்றார்.

ராதிகா இழுத்தாள். நீல நோட்டை விரித்து வரிவரியாக வாசித்தாள். "ஐப்பசி மூணுங்க. பதினொண்ணே முக்காலுக்கு மழை புடிச்சுது, ரெண்டுக்கு விட்டுது, முப்பத்திநாலு மில்லி. போன் பன்னெண்டு அஞ்சுக்குங்க. ஐப்பசி நாலுங்க, மழை இல்லீங்க. போனும் இல்லீங்க. ஐப்பசி அஞ்சுங்க..." முதலாளி தலையைச் சாய்த்துக் கேட்டார். தன் பேரனின் மார்க்கைக்கூட அப்படிக் கவனமாகக் கேட்டிருக்கமாட்டார். மாசத்தில் மத்தியான மழை பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளைத் தவிர வேறு நாளில் ஒரு மெட்ராஸ் போனும் இல்லை. வாசித்து முடிப்பதற்குள் ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம் வந்தது.

பிறகு நடந்தது கால் நிமிஷம்கூட இருக்காது. ராதிகா உரச்சாக்கை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிட்டு ஸ்டூலுக்குப் போனாள். சென்றாயன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசற்படியில் குந்தினார். மேனேஜர் ஃபைலை ஒரு கையிலும் டீ கிளாசை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூட்டையைத் தாண்டி, பதினாலாம் நம்பர் போனுக்கு எதிரே போய் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

முதலாளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். முதல் சொட்டு வழுக்கையில் விழுந்தது, இரண்டாவது மூக்கில், மூன்றாவது சட்டைப் பையில் இருந்த பேனாவின் மேல். அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"ஏனுங்க மேனேஜரே, அது யாரு சேருங்க?"

அருள்பிரகாஷ் கிளாசைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் பார்த்து, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். "பாட்டுதானுங்க," என்றார் ஈனக்குரலில். "ஆபீசு பேரு டிவியில வருட்டுமேன்னு..."

"முப்பத்தேழு பாட்டு கேட்டியே, எனக்குன்னு ஒரு பாட்டு கேட்டியாடா?"

மேனேஜர் மடியிலிருந்த ஃபைலைப் புரட்டினார். முதலாளிக்கு அதுதான் அதிகம் வலித்த மாதிரி இருந்தது.

எழுந்து வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, ராதிகாவின் தலைக்கு மேலேயும் சொட்டுகிறதைப் பார்த்தார். "நாலு கடுதாசி போட்டியே கண்ணு, நாந்தான் கூறுகெட்டுப் போயிட்டன். தையில இருந்து நீ நெரந்தரம். அந்தச் செட்டிங்ஸ நீயே மாத்து. பாஸ்வேர்டு இவங்கிட்ட வாங்கிக்கோ."

"வேண்டாங்க," என்றாள் ராதிகா. "சார் அன்னிக்கே சொல்லிப்போட்டாருங்க, எல்லாருக்கும்."

சாயங்காலம் மழை விட்டதும் அவள் சைட் செட்டிங்ஸைத் திறந்து பதினாலுக்கு நேரே 'மழை: அருள்பிரகாஷ், வெயில்: ராதிகா' என்று தட்டிச் சேமித்தாள். நிரந்தரமான கை, ஒரு எழுத்தும் தப்பவில்லை.

கார்த்திகை பூராவும் மழை கொட்டியது. ஓடு மாற்ற ஆள் தையில்தான் வருவானாம். மெட்ராசுக்கு ஒரு போனும் போகவில்லை. மத்தியானம் பன்னிரண்டு ஆனால் மேனேஜர் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டு, தானே பாட ஆரம்பித்துவிடுவார், சொந்தக் குரலில், பல்லவி சரணம் எல்லாம்.

அவர் பாட ஆரம்பித்த மூன்றாம் நாளே சென்றாயன் சாக்கை உதறிக்கொண்டு ராதிகாவிடம் வந்தார். "சாமி, நீ நல்லா இருப்ப, அந்த மெட்ராசு போனையே அவருக்குத் திரும்பக் குடுத்துரு."